திரையில் பார்த்தவர்களைக் காகிதத்தில் சந்திக்கலாம்: சூப்பர் ஹீரோ பட ரசிகர்களுக்கு ஒரு முழுமையான காமிக்ஸ் வழிகாட்டி

படம் முடிந்துவிட்டது. பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. கடைசியில் வரப்போகும் அந்தச் சின்னக் காட்சிக்காக நீங்கள் எழுந்திருக்காமல் காத்திருக்கிறீர்கள். பல மார்வெல் படங்களில் அந்த இடைவேளையில் 'சிறப்பு நன்றி' என்ற தலைப்பின் கீழ் ஒரு பட்டியல் ஓடும். அதில் இருப்பவர்களில் பலர் மேசையில் குனிந்து கதை எழுதியவர்கள், படம் வரைந்தவர்கள். சற்று முன் நீங்கள் பார்த்து வியந்த கதை, அவர்கள் கையில் பல ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது.

2014இல் வந்த இரண்டாவது கேப்டன் அமெரிக்கா படத்தை நினைத்துப் பாருங்கள். முகமூடி கழன்று விழ, எதிரே நிற்பது பழைய தோழன் பக்கி என்று தெரியும் அந்தக் கணம். காமிக்ஸில் பக்கி இறந்துவிட்டான் என்று 1964இல் எழுதப்பட்டது. நாற்பது ஆண்டுகள் அவன் இறந்தவனாகவே இருந்தான். பிறகு 2005இல் எட் புரூபேக்கர் எழுத, ஸ்டீவ் எப்டிங் வரைய, அவன் மாத இதழின் பக்கங்களில் கொலையாளியாகத் திரும்பி வந்தான். நாற்பது ஆண்டுத் துக்கம் ஒன்று புரட்டிப் போடப்பட்டதை அந்த வாசகர்கள் மாதம் மாதமாகக் காத்திருந்து படித்தார்கள்.

இந்தப் படங்களை விரும்பும் எவருக்கும் காமிக்ஸ் பிடிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிடிக்காமல் போனவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் தெரியவருகின்றன. ஒன்று, தவறான புத்தகத்தில் தொடங்கியிருப்பார்கள். மற்றொன்று, படம் பார்க்கும் வேகத்தில் படித்திருப்பார்கள். இரண்டையும் எளிதாகச் சரிசெய்யலாம்.

முதல் படி: 'எங்கிருந்து தொடங்குவது' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள்

இந்தக் கேள்விதான் அதிகம் பேரைத் தடுத்திருக்கிறது. சூப்பர்மேன் 1938இல் வந்தான். பேட்மேன் 1939இல். ஸ்பைடர்மேன் 1962இல். அன்று முதல் இன்று வரை எத்தனை ஆயிரம் பக்கங்கள்! எல்லாவற்றையும் படித்தால்தான் புரியும் என்று நினைத்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்தக் கதைகள் ஒரே தொடர்கதை இல்லை. நாம் கேட்டு வளர்ந்த இதிகாசக் கதைகளைப் போன்றவை இவை. ஒரே இராமன் கதையைக் கம்பர் ஒருவிதமாகச் சொன்னார், கூத்துக் கலைஞர் வேறுவிதமாகச் சொல்வார். கேட்பவர் யாரும் முந்தைய எல்லாப் பாடங்களையும் முடித்துவிட்டு வந்து உட்காருவதில்லை. பேட்மேனும் அப்படித்தான் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறான். ஒவ்வொரு நல்ல எழுத்தாளரும் புதிய வாசகர் ஒருவர் வந்து உட்காருவார் என்று எதிர்பார்த்தே தன் கதையைத் தொடங்குகிறார். பதிப்பகங்களும் அவ்வப்போது பழைய கணக்கை முடித்துப் புதுக் கணக்கைத் தொடங்கியிருக்கின்றன. டி.சி. நிறுவனம் 1985–86இல் தன் பல பிரபஞ்சங்களை ஒன்றாக்கியது. 2011இல் மீண்டும் 52 தொடர்களை ஒன்றாம் எண்ணிலிருந்து வெளியிட்டது.

நானும் ஒரு காலத்தில் தவறான இடத்தில்தான் தொடங்கினேன். அட்டையில் முப்பது நாயகர்கள் நெருக்கியடித்து நின்ற ஓர் இதழைக் கையில் எடுத்தேன். அது பல தொடர்களில் கிளைத்து ஓடும் பெரிய கதை ஒன்றின் நான்காம் பகுதி என்று எனக்குத் தெரியவில்லை. யார் யாரோ வந்தார்கள், யார் யாரோ இறந்தார்கள், எனக்கு ஒருவருக்காகவும் வருந்தத் தோன்றவில்லை. காமிக்ஸ் எனக்கானதல்ல என்று முடிவுகட்டி மூடி வைத்துவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து நண்பர் ஒருவர் தொடக்கமும் முடிவும் ஒரே அட்டைக்குள் இருந்த ஒரு நூலைக் கொடுத்தார். அன்று இரவே அதை இரண்டு முறை படித்தேன். இந்த வழிகாட்டி அந்த நண்பர் எனக்குச் செய்ததைத் தொடரும் முயற்சிதான்.

இரண்டாம் படி: நாயகனைத் தேடாதீர்கள், சுவையைத் தேடுங்கள்

உங்களுக்கு அயர்ன் மேன் பிடிக்கும் என்பதற்காக அயர்ன் மேன் பெயர் போட்ட முதல் புத்தகத்தை எடுக்க வேண்டாம். படத்தில் எது உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று முதலில் யோசியுங்கள். துப்பறிதலா, நட்பா, குடும்பமா, விண்வெளியின் பிரம்மாண்டமா, ஒரு சாதாரண மனிதன் அடிபட்டும் எழுந்து நிற்பதா? அதற்கேற்ற நூல் நிச்சயம் இருக்கிறது.

பேட்மேன் படங்களின் இருட்டும் மழையும் குற்ற உலகமும் பிடித்தவர்கள், 1987இல் நான்கு இதழ்களாக வந்த 'இயர் ஒன்' கதையில் தொடங்குங்கள். எழுதியவர் ஃபிராங்க் மில்லர், வரைந்தவர் டேவிட் மட்ஸுக்கெல்லி. பேட்மேனின் முதல் ஆண்டைச் சொல்லும் கதை என்றாலும், அதில் பாதி ஜிம் கார்டன் என்ற காவல்துறை அதிகாரியின் கதை. ஊழல் நிறைந்த நகரத்துக்கு மாற்றலாகி வரும் நேர்மையான, ஆனால் குறைகள் உள்ள மனிதன். முன்கதை எதுவும் தெரியாமலே படிக்கலாம். 2005இல் வந்த படமும் 2022இல் வந்த படமும் இதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டன. இதை முடித்ததும் ஜெஃப் லோபும் டிம் சேலும் சேர்ந்து 1996–97இல் படைத்த 'தி லாங் ஹாலோவீன்' கதைக்குப் போங்கள். ஒவ்வொரு பண்டிகை நாளிலும் ஒருவரைக் கொல்லும் கொலையாளியைத் தேடி ஓர் ஆண்டு முழுவதும் நடக்கும் துப்பறியும் கதை, 13 இதழ்கள். டிம் சேல் நிழல்களைக் கொண்டே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்.

உளவு, துரோகம், பழைய பாவங்கள் பிடிக்கும் என்றால், மேலே சொன்ன புரூபேக்கரின் கேப்டன் அமெரிக்கா.

சண்டைகளைவிட, சண்டைகளுக்கு நடுவே ஹாக்கை பேசும் சோர்ந்த நகைச்சுவை பிடித்ததா? மேட் ஃபிராக்ஷன் எழுத, பெரும்பகுதியை டேவிட் ஆஜா வரைய, 2012இல் தொடங்கிய 'ஹாக்கை' தொடர் உங்களுக்குத்தான். உலகத்தைக் காப்பாற்றாத நாட்களில் அவன் என்ன செய்கிறான் என்பதே கதை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டாருக்காக வாடகைப் பிரச்சினையில் தலையிடுகிறான். அதன் 11ஆம் இதழை மட்டும் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். அந்த இதழ் முழுவதும் அவன் வளர்க்கும் நாயின் பார்வையில் நடக்கிறது. மனிதர்கள் பேசும்போது நாய்க்குப் புரிந்த ஓரிரு சொற்கள் மட்டுமே எழுத்தாகத் தெரிகின்றன, மற்றவை கிறுக்கல்கள். ஒருவர் அருகே போனதும் அவர்மீது வீசும் வாசனைகள் சின்னச் சின்னப் படக்குறிகளாக விரிகின்றன. ஒரு கொலையை அந்த நாய் இப்படியே துப்பறிகிறது. இதைத் திரையில் இதே விதமாகச் செய்ய வழியே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 2021இல் வந்த தொலைக்காட்சித் தொடர் இந்தக் காமிக்ஸிலிருந்து நாயையும், ஒரே மாதிரி உடை அணிந்த ரவுடிக் கும்பலையும் எடுத்துக்கொண்டது. அந்த இதழின் கண்களை மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வாண்டாவும் விஷனும் புறநகரில் குடித்தனம் நடத்தும் தொடரைப் பார்த்து மனம் கலங்கியவர்கள் டாம் கிங் எழுதி, கேப்ரியேல் ஹெர்னாண்டஸ் வால்ட்டா வரைந்த 'விஷன்' நூலைத் தேடுங்கள். 2015–16இல் வந்த 12 இதழ்கள். விஷன் தனக்கென ஒரு மனைவியையும் இரட்டைக் குழந்தைகளையும் உருவாக்கிக்கொண்டு, வாஷிங்டன் நகரத்தை ஒட்டிய அமைதியான தெருவில் குடியேறுகிறான். இயல்பான குடும்பமாக இருக்க வேண்டும் என்ற அவர்களின் ஆசையே அவர்களைப் படிப்படியாக எங்கே இழுத்துச் செல்கிறது என்பதைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கும். தனிமையான ஓர் இரவை ஒதுக்கிவைத்துப் படியுங்கள்.

இளையவர்களுக்கும், பள்ளி நாட்களின் தவிப்பை மறக்காத பெரியவர்களுக்கும் 2014இல் ஜி. வில்லோ வில்சன் எழுதி, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்து தொடங்கிய 'மிஸ் மார்வெல்'. கமலா கான் என்ற பதினாறு வயதுப் பெண், தானே ஒரு சூப்பர் ஹீரோ ரசிகை. அதன் முதல் தொகுப்பு 2015இல் ஹியூகோ விருது பெற்றது.

நம்பிக்கையும் கருணையும் வேண்டும் என்பவர்களுக்குக் கிராண்ட் மோரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் சேர்ந்து படைத்த 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்'. அதன் முதல் பக்கம் சூப்பர்மேனின் பிறப்புக் கதை முழுவதையும் நான்கே கட்டங்களில், எட்டே ஆங்கிலச் சொற்களில் சொல்லி முடிக்கிறது. படங்கள் அரைமணி நேரம் செலவிடும் பகுதி அது.

ஒரு நூலைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. 'வாட்ச்மென்' மகத்தான படைப்பு, ஐயமே இல்லை. பலரும் அதைத்தான் முதலில் கையில் திணிப்பார்கள். ஆனால் அது சூப்பர் ஹீரோ கதை என்ற வடிவத்தையே கேள்வி கேட்கும் கதை. வடிவம் பழகாமல் கேள்வியைப் படித்தால் அதன் பாதி வீச்சு போய்விடும். ஆறேழு நூல்களுக்குப் பிறகு அதை எடுங்கள். அப்போது அது உங்களை உலுக்கும்.

மூன்றாம் படி: முழுக்கதையாக ஒரே நூலைக் கையில் எடுங்கள்

அமெரிக்க காமிக்ஸ் மாத இதழாக வருகிறது. ஓர் இதழில் கதைக்கு இருபது பக்கம் அல்லது இரண்டொன்று கூடுதல். ஐந்தாறு இதழ்கள் சேர்ந்தால் பெரும்பாலும் ஒரு கதை முடியும். அதைத் தொகுத்து மெல்லிய அட்டையில் புத்தகமாக வெளியிடுவார்கள். புதியவருக்கு ஏற்றது இந்தத் தொகுப்பு நூல்தான். கையில் பிடிக்கக் கனமில்லை, கதை நடுவில் நிற்காது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் பெருந்தொகுப்புகளும் உண்டு. அலமாரியில் அழகாக இருக்கும், ஆனால் மடியில் வைத்துப் படிக்க முடியாது. அவற்றுக்கு இப்போது அவசரமில்லை.

முதல் நூலை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. நூலகத்தில் கேளுங்கள், நண்பரிடம் கேளுங்கள். மின்னூலாகப் படிக்க மார்வெலும் டி.சி.யும் சந்தா முறையில் தங்கள் பழைய இதழ்களைத் திறந்து வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும், பெரும்பாலும் மே மாதம் முதல் சனிக்கிழமை, பல நாடுகளில் உள்ள காமிக்ஸ் கடைகள் அதற்கென்றே அச்சான இதழ்களை இலவசமாகக் கொடுக்கின்றன. 2002 முதல் நடக்கும் வழக்கம் இது. திருட்டுப் பிரதிகளை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். மாத இதழ் ஓவியர் ஏறக்குறைய நாளுக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் முதுகொடிய வரைகிறார்.

எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அட்டையில் பெரிதாக '1' என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே நாயகனின் தொடர் பலமுறை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியிருக்கும், கடையில் நான்கு வெவ்வேறு '1'கள் இருக்கலாம். எழுத்தாளர், ஓவியர் பெயர்களைப் பாருங்கள். எந்த இதழ்கள் அடங்கியிருக்கின்றன என்பது பின்னட்டையிலோ முதல் சில பக்கங்களிலோ அச்சிடப்பட்டிருக்கும். எண்கள் தொடர்ச்சியாக இருந்தால் நல்லது. ஐந்து வெவ்வேறு தொடர்களின் பெயர்கள் கலந்து கிடந்தால் அது பலர் கூடும் பெருங்கதை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொலைபேசியில் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல செயலிகள் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும். வசதிதான். ஆனால் ஓவியர் வரைந்தது பக்கத்தை. எந்தக் கட்டம் பெரியது, எது ஒடுங்கியது, எது விளிம்பைத் தாண்டி வெளியே போகிறது என்பதெல்லாம் கதையின் பகுதிகள். முடிந்தவரை முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியும் திரையில் படியுங்கள்.

நான்காம் படி: மெதுவாகப் படியுங்கள்

என்னைப் பொறுத்தவரை எல்லாமே இந்தப் படியில்தான் இருக்கிறது. படத்தில் நேரத்தை இயக்குநர் ஆள்கிறார். ஒரு காட்சி மூன்று நொடி என்றால் உங்களுக்கும் மூன்று நொடிதான். காமிக்ஸில் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு முகத்தை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவுசெய்கிறீர்கள். பட ரசிகர்கள் பலர் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல், பேச்சுக் குமிழ்களை மட்டும் படித்துக்கொண்டு ஓடி, இருபது பக்கத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு 'இவ்வளவுதானா' என்கிறார்கள். வசனத்தை மட்டும் கேட்டுவிட்டுப் படம் பார்த்துவிட்டதாகச் சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

அடிப்படை எளிது. ஆங்கிலக் காமிக்ஸை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். ஒரு கட்டத்துக்குள் மேலே இருக்கும் குமிழ் முதலில். முள்முள்ளான விளிம்பு என்றால் கத்தல் அல்லது இயந்திரக் குரல். மேகம் போன்ற குமிழ் என்றால் மனத்துக்குள் ஓடும் எண்ணம். பெட்டிக்குள் இருக்கும் வரிகள் கதைசொல்லியின் குரலாகவோ ஒரு பாத்திரத்தின் அகக்குரலாகவோ இருக்கும். நாலைந்து பக்கங்களில் கண் தானாகப் பழகிவிடும்.

பழகப் பழகத்தான் புரிவது, கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளி. ஒரு கட்டத்தில் கோடரி ஓங்கிய கை. அடுத்த கட்டத்தில் நகரத்தின் மேல் ஓர் அலறல். வெட்டு விழுந்ததை யாரும் வரையவில்லை. உங்கள் மனம்தான் அதைச் செய்தது. ஸ்காட் மெக்ளவுட் என்ற ஓவியர் 1993இல் காமிக்ஸைப் பற்றி, காமிக்ஸ் வடிவிலேயே எழுதிய நூலில் இதை அருமையாக விளக்கியிருக்கிறார். வாசகர் அங்கே கூட்டாளி ஆகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஸ்பைடர்மேன் கதைகளில் க்வென் ஸ்டேசியின் முடிவு தெரியாதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்த பத்தியையும் தாண்டிச் செல்லுங்கள். 2014இல் வந்த படத்தில் அவள் மணிக்கூண்டின் உள்ளே விழுகிறாள். வலை மெல்ல மெல்ல அவளை நோக்கி நீள்வதை இசையோடு, நிதானமாகக் காட்டுவார்கள். அழுதுவிடுவோம். அந்தக் காட்சியின் மூலம் 1973இல் வந்த 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 121ஆம் இதழ். எழுதியவர் ஜெர்ரி கான்வே, வரைந்தவர் கில் கேன். அதில் அவள் பாலத்திலிருந்து விழுகிறாள். வலை அவள் காலைப் பிடித்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் அவள் கழுத்தருகே மிகச் சிறிய எழுத்தில் ஒரு முறியும் ஓசை அச்சாகியிருக்கிறது. அவ்வளவுதான்.

அடுத்த கட்டங்களில் ஸ்பைடர்மேன் வலையை இழுத்தபடி, தன் சக்தியை மெச்சிக்கொண்டு, அவளைக் காப்பாற்றிவிட்ட மகிழ்ச்சியில் பேசிக்கொண்டே இருக்கிறான். அந்தச் சின்ன ஓசையைக் கவனித்த வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, அவனுக்குத் தெரியவில்லை. அவன் பேசும் ஒவ்வொரு சொல்லும் நெஞ்சைக் குத்துகிறது. கவனிக்காமல் ஓடியவரோ அவனோடு சேர்ந்து மகிழ்ந்து, அவனோடு சேர்ந்து உடைகிறார். ஒரே பக்கம், இரண்டு வாசகர்களுக்கு இரண்டு விதமான துயரம். அவளைக் கொன்றது விழுந்த அதிர்ச்சியா, அவளைக் காப்பாற்ற வந்த வலையேவா என்று வாசகர்கள் வாதாடியதற்கும் காரணம் அந்தச் சிற்றெழுத்துதான்.

ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்தையும் இரண்டு முறை படியுங்கள் என்பேன். முதல்முறை கதைக்காக. இரண்டாம் முறை குமிழ்களை விட்டுவிட்டுப் படங்களை மட்டும். பின்னணியில் யார் நிற்கிறார்கள், நிறம் எந்த இடத்தில் மாறுகிறது, பக்கத்தைத் திருப்பியவுடன் எது உங்களை அதிர வைக்கிறது என்று பாருங்கள். அதிர்ச்சியான காட்சியைப் பக்கம் திருப்பிய பிறகே கண்ணில் படும்படி வைப்பது காமிக்ஸின் பழைய உத்தி. பேட்மேனின் பெற்றோர் கொல்லப்படும் இரவில் முத்துமாலை அறுந்து சிதறுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1986இல் வந்த ஃபிராங்க் மில்லரின் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' நூலில் அது சொல்லே இல்லாத சின்னஞ்சிறு கட்டங்களாக வருகிறது. பக்கத்தைப் பதினாறு கட்டங்களாகப் பிரிக்கும் அமைப்பு. ஒவ்வொரு கட்டமும் ஓர் இதயத்துடிப்பு போலக் கேட்கும். அந்தப் பக்கத்தில் ஓடாதீர்கள்.

ஐந்தாம் படி: படத்தோடு ஒப்பிடுங்கள், ஆனால் எது சரி என்று தீர்ப்பு வேண்டாம்

படத்துக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாடுகளைக் கண்டுபிடிப்பதே தனி இன்பம். 2018இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் தானோஸ் விரல் சொடுக்குவது கடைசியில். பாதி உயிர்கள் மறைவதோடு படம் முடிகிறது. ஜிம் ஸ்டார்லின் எழுதி, ஜார்ஜ் பெரெஸும் ரான் லிம்மும் வரைந்த 1991ஆம் ஆண்டின் 'தி இன்ஃபினிட்டி கான்ட்லெட்' என்ற ஆறு இதழ்க் கதையில், அந்தச் சொடுக்கு முதல் இதழிலேயே நடந்துவிடுகிறது. மிச்சமுள்ள ஐந்து இதழ்களும் அதற்குப் பிந்தைய கதை. காரணமும் வேறு. படத்தின் தானோஸ் உலகில் வளங்கள் போதாது என்கிறான். காமிக்ஸின் தானோஸ் மரண தேவதையைக் காதலிக்கிறான். அவள் பார்வை தன்மேல் விழ வேண்டும் என்பதற்காகப் பாதிப் பிரபஞ்சத்தைக் காணிக்கையாக்குகிறான். அவளோ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. படத்தின் தானோஸிடம் ஒரு கொள்கை இருக்கிறது, காமிக்ஸின் தானோஸிடம் இருப்பது ஏக்கம். எனக்கு இரண்டாமவன்தான் அதிகம் பயம் தருகிறான், ஏனென்றால் அவனோடு வாதாடி வெல்ல வழியே இல்லை.

'சிவில் வார்' கதையிலும் இதைப் பார்க்கலாம். 2016இல் வந்த படம் பத்துப் பன்னிரண்டு நண்பர்களுக்குள் நடக்கும் பிளவு. 2006–07இல் மார்க் மில்லரும் ஸ்டீவ் மெக்நிவனும் ஏழு இதழ்களில் சொன்னது ஒரு நாடே பிளவுபடும் கதை. பள்ளி அருகே நடந்த வெடிப்புக்குப் பின், முகமூடி அணிபவர்கள் எல்லோரும் அரசிடம் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வருகிறது. முகமூடிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்ற கேள்விக்கு அங்கே உயிர்மதிப்பு இருக்கிறது. இந்த நூல் முன்கதை கொஞ்சம் தெரிந்தவர்களுக்கே நன்றாக எடுபடும், எனவே மூன்றாவது நான்காவது நூலாக வைத்துக்கொள்ளுங்கள்.

'படம் கெடுத்துவிட்டது' என்றோ 'காமிக்ஸ் இதைவிடச் சாதாரணம்' என்றோ முடிவுகட்டினால் இந்த இன்பம் போய்விடும். 2018இல் வந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படம் பழைய அச்சின் புள்ளிகளையும் எண்ணப் பெட்டிகளையும் திரைக்கே கொண்டுவந்து காமிக்ஸுக்கு மரியாதை செய்தது. இரண்டு கலைகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டுதான் வளர்கின்றன.

ஆறாம் படி: பெயர்களைப் பின்தொடருங்கள்

முதல் நூல் பிடித்துவிட்டது. அடுத்தது என்ன? அதே நாயகனின் அடுத்த புத்தகத்துக்கு ஓடாதீர்கள். அதை எழுதியவர் வேறு ஆளாக இருக்கலாம், சுவையே மாறிப்போகும். நூலின் முதல் பக்கத்தில் இருக்கும் பெயர்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர், பென்சிலில் வரைந்தவர், மை தீட்டியவர், வண்ணம் சேர்த்தவர், குமிழ்களுக்குள் எழுத்தை வரைந்தவர். ஐந்து பேரின் உழைப்பு அது.

'இயர் ஒன்' பிடித்தவர்கள் அதே மில்லரும் மட்ஸுக்கெல்லியும் அதற்கு முன்னரே சேர்ந்து படைத்த டேர்டெவில் கதைக்குப் போகலாம், 1986இல் ஏழு இதழ்களாக வந்த 'பார்ன் அகெய்ன்'. நாயகன் மாறுகிறான், மனம் மாறவில்லை. புரூபேக்கர் பிடித்தவர்களுக்கு அவரும் கிரெக் ரக்காவும் எழுதிய 'காத்தம் சென்ட்ரல்'. பேட்மேன் நகரத்தின் சாதாரணக் காவலர்கள் அதில் நாயகர்கள். 'விஷன்' பிடித்தவர்கள் டாம் கிங் மிட்ச் ஜெராட்ஸோடு சேர்ந்து செய்த 'மிஸ்டர் மிராக்கிள்'. இப்படிப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், படமே வராத பாத்திரங்களையும் சந்திப்பீர்கள்.

பெயர்களை மதிப்பது இந்தக் கலையில் வெறும் நாகரிகம் மட்டும் அல்ல. பேட்மேனை உருவாக்கியவர் என்று பல பத்தாண்டுகள் பாப் கேனின் பெயர் மட்டுமே அச்சானது. பேட்மேனின் தோற்றத்திலும் கதைகளிலும் பெரும்பங்கு ஆற்றிய பில் ஃபிங்கர் 1974இல் காலமானார். அவர் பெயர் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டது 2015இல்தான்.

ஏழாம் படி: பழைய இதழ்களுக்குப் பொறுமையோடு போங்கள்

1960களின் கதைகளில் எழுத்து அதிகம். படத்தில் தெரிவதையே பெட்டியிலும் எழுதியிருப்பார்கள், பாத்திரமும் அதையே உரக்கச் சொல்லும். காரணம் உண்டு. ஒவ்வோர் இதழும் யாரோ ஒருவருக்கு முதல் இதழ் என்று நினைத்தே எழுதினார்கள். மாதம் ஒன்றாகப் படிக்க எழுதப்பட்டதை ஒரே மூச்சில் பத்தாகப் படித்தால் சலிக்கத்தான் செய்யும். நாளுக்கு ஒன்று போதும். அப்படிப் படித்தால் ஜாக் கிர்பியின் கோடுகளில் இருக்கும் ஆற்றலும், ஸ்டீவ் டிட்கோ வரைந்த கைவிரல்கள் பேசும் விதமும் கண்ணில் படும். அச்சின் விநோதங்களும் கிடைக்கும். 1962இல் முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் அச்சில் சீராக வரவில்லை, இரண்டாம் இதழில் பச்சையாகிவிட்டான். இன்று உலகமே அறிந்த அந்தப் பச்சை, ஓர் அச்சகச் சிக்கலின் பிள்ளை.

பல தொடர்களில் கிளைக்கும் பெருங்கதைகளையும் இந்தக் கட்டத்தில் தொடலாம். மையத் தொகுப்பை மட்டும் படியுங்கள். கிளைகள் எல்லாவற்றையும் துரத்த வேண்டாம். பக்கத்தின் அடியில் 'இன்ன இதழைப் பார்க்க' என்று ஆசிரியர் குறிப்பு இருந்தால் அது அழைப்புதான், கட்டாயம் இல்லை.

சிறுவர்களுக்குக் கொடுப்பவர்கள் பின்னட்டையில் உள்ள வயதுக் குறிப்பைப் பாருங்கள். முகமூடி இருப்பதாலேயே எல்லாம் குழந்தைகளுக்கானவை ஆகிவிடாது. 'வாட்ச்மென்' நூலையும், முத்துமாலைக் காட்சி வரும் மில்லரின் நூலையும் பதின்ம வயது தாண்டிய பிறகே தரலாம். 'மிஸ் மார்வெல்' பள்ளி மாணவர்களுக்குத் தயங்காமல் தரலாம்.

எட்டாம் படி: பிடிக்காவிட்டால்

இரண்டு இதழ் அளவு, அதாவது நாற்பது பக்கம் படித்தும் மனம் ஒட்டவில்லை என்றால் மூடிவிடுங்கள். குற்றம் உங்களுடையதும் அல்ல, காமிக்ஸினுடையதும் அல்ல. பெரும்பாலும் அந்த ஓவியரின் கை உங்களுக்கு ஒத்துவந்திருக்காது. குரல் பிடிக்காத பாடகரின் பாட்டை ராகம் பிடித்தாலும் கேட்க முடியாதல்லவா? டிம் சேலின் பேட்மேன் நிழலாகப் பரவுவான், மட்ஸுக்கெல்லியின் பேட்மேன் களைத்த மனிதனாக மாடிப்படி ஏறுவான். பெயர் ஒன்றுதான், ஆள் வேறு.

அடுத்த முறை புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பின்னட்டைக் கதைச் சுருக்கத்தைப் படிக்காதீர்கள். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, குமிழ்களை விட்டுவிட்டு, ஒரு முகத்தை மட்டும் பாருங்கள். அந்த முகம் என்ன நினைக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றினால், முதல் பக்கத்துக்குத் திருப்புங்கள்.